பழைய மினி கணினி கிடைத்துவிடும். அதன் கையேடும் மென்பொருளும் எங்கே?

தோட்டத்து ஆபீசில் கிராணி எழுதிய செக்ரோல் புத்தகம் பழையவர்களுக்கு நினைவிருக்கும். விடியற்காலைப் பெரட்டுக்கு யார் வந்தார், யார் வரவில்லை, யாருக்கு முழு நாள், யாருக்கு அரை நாள், எந்த நிரையில் யார் என்பதெல்லாம் அதில் சின்னச் சின்னக் குறிகளாக இருக்கும். கிராணி மாற்றலாகிப் போய்விட்டாலோ தோட்டமே கைமாறிவிட்டாலோ அந்தக் குறிகளின் பொருள் புதியவருக்குத் தெரியாது. புத்தகம் கையில் இருக்கும். படிக்கத்தான் ஆள் இருக்காது.

பழைய மினி கணினிகளின் நிலையும் இதுதான். தொழிற்சாலை ஏலத்திலோ பழைய இரும்புக் கடையிலோ அலமாரி உயரத்துக்கு ஒரு கணினி மலிவாகக் கிடைத்துவிடலாம். அதை எப்படி இயக்குவது என்று சொல்லும் கையேடும், இயக்குவதற்குரிய மென்பொருளும் இல்லாவிட்டால் அது எடைக்கு விற்கும் இரும்புதான். பழைய கணினிகளைச் சேகரித்து உயிர்ப்பிக்கும் ஆர்வம் இளைஞர்களிடையே வளர்ந்து வருகிறது. வாங்கிய பிறகு விழிப்பதைவிட, இவற்றை எங்கே எப்படித் தேடுவது என்பதை முன்கூட்டியே அறிந்து வைப்பது நல்லது.

மினி கணினி என்பது எது?

இன்று கடைகளில் 'மினி பிசி' என்று உள்ளங்கையளவு பெட்டிகள் விற்கப்படுகின்றன. இங்கே பேசப்படுவது அதுவல்ல. 1960களில் கணினி என்றால் ஒரு பெரிய அறையையே அடைத்துக்கொள்ளும் இயந்திரம். அதற்கு மாற்றாக, ஒரு தொழிற்சாலையோ ஒரு பல்கலைக்கழகத் துறையோ தனக்கென்று வாங்கக்கூடிய அளவில் வந்ததால் அதற்கு மினி கணினி என்று பெயர். அமெரிக்காவின் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம், சுருக்கமாக டெக், 1965இல் வெளியிட்ட பி.டி.பி.-8 கணினியின் விலை 18,000 அமெரிக்க டாலர். அந்தக் காலத்தில் அது மலிவு. அடுத்து 1970இல் வந்த பி.டி.பி.-11 வகை ஏறத்தாழ 6 லட்சம் விற்பனையானது. 1977இல் வேக்ஸ் வந்தது. டேட்டா ஜெனரல், ஹியூலட் பேக்கர்ட், வாங், பிரைம் போன்ற நிறுவனங்களும் இதே சந்தையில் இருந்தன. ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/34, சிஸ்டம்/36, பின்னர் 1988இல் வந்த ஏ.எஸ்.400 ஆகியவை அலுவலகக் கணக்கு வேலைக்குப் பேர்போனவை.

இவை அலுவலகத்தில் மட்டும் இருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மின்னணுச் சில்லுகளைச் சோதிக்கும் இயந்திரங்களுக்குள்ளும் இவை இருந்தன. டெராடைன் நிறுவனம் 1966இல் வெளியிட்ட ஜே259 சோதனை இயந்திரத்தை ஓட்டியது ஒரு பி.டி.பி.-8 கணினிதான். வெளியே பார்த்தால் சோதனை இயந்திரம். உள்ளே மூளையாக இருப்பது மினி கணினி.

நெகிரி செம்பிலான் வாசகர்களுக்கு இது அந்நியமான செய்தி அல்ல. லாபு, ரந்தாவ், மம்பாவ் வட்டாரத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் சிரம்பான், சினாவாங் பகுதி மின்னணுத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். சிரம்பானில் மோட்டோரோலாவாக இருந்த சில்லுத் தொழிற்சாலை 1999இல் ஆன் செமிகண்டக்டர் ஆனது. இப்படித் தொழிற்சாலைகள் பெயர் மாறும்போதும் இயந்திரங்களைப் புதுப்பிக்கும்போதும் பழையவை வெளியே வரும். அவற்றோடு வேலை செய்த தொழில்நுட்பர் பலர் இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார்கள். பயிற்சியின்போது கொடுத்த தடித்த கோப்பு ஒன்று அவர்களில் யாருடைய வீட்டு ஸ்டோர் ரூமிலாவது இருக்கக்கூடும். அது குப்பையா பொக்கிஷமா என்பது அதன் அட்டையில் உள்ள எண்ணைப் பொறுத்தது. அந்த எண்ணைப் பற்றிப் பின்னர் பார்ப்போம்.

இயந்திரமும் மென்பொருளும் பிரிந்தது எப்படி?

முதல் காரணம் வியாபாரம். ஐபிஎம் 1969இல் மென்பொருளை இயந்திரத்திலிருந்து பிரித்துத் தனி விலை வைப்பதாக அறிவித்தது. அதன் பிறகு இயந்திரம் ஒருவருக்குச் சொந்தமாகலாம், மென்பொருளோ உரிமத்தின் பேரில் மட்டுமே என்ற வழக்கம் தொழில் முழுக்கப் பரவியது. முதலில் வாங்கியவர் இயந்திரத்தை விற்கும்போது உரிமமும் சேர்ந்து கைமாறும் என்ற உறுதி கிடையாது. ஏ.எஸ்.400 வகையில் உரிமச் சாவி இயந்திரத்தின் வரிசை எண்ணோடு கட்டப்பட்டிருக்கும். தரவு வெளியே போகக்கூடாது என்று விற்பவர் வட்டுகளைத் துடைத்துவிட்டால் இயங்குதளமும் சேர்ந்தே போய்விடும். வாங்கியவர் கையில் மிஞ்சுவது பெட்டி.

இரண்டாவது காரணம், தயாரித்த நிறுவனங்களே இப்போது இல்லை. டெக் 1998இல் காம்பேக் கைக்குப் போனது. காம்பேக் 2002இல் ஹியூலட் பேக்கர்டோடு இணைந்தது. அதுவும் 2015இல் இரண்டாகப் பிரிந்தது. டேட்டா ஜெனரலை 1999இல் இஎம்சி வாங்கிவிட்டது. வாங் 1992இல் திவாலாகிப் பாதுகாப்புக் கோரியது. கையேடு வேண்டும் என்று கேட்டு எழுத முகவரியே இல்லை.

மூன்றாவது காரணம் எளியது, ஆனால் அதுதான் அதிகச் சேதம் செய்தது. கையேடுகள் நிறைய இடத்தை அடைத்துக்கொண்டன. வேக்ஸ் கணினியின் விஎம்எஸ் இயங்குதளத்துக்கு வந்த கையேடுகள் பல அடி நீள அலமாரியை நிரப்பின. கோப்புகளின் நிறத்தை வைத்து அவற்றை ஆரஞ்சுச் சுவர், சாம்பல் சுவர் என்றே அழைத்தார்கள். இடம் மாறும்போது முதலில் தூக்கி எறியப்பட்டது அந்தச் சுவர்தான். இரும்புக்கு ஒரு விலை, செம்புக்கு ஒரு விலை, தங்க முலாம் பூசிய சர்க்கிட் போர்டுக்கு இன்னொரு விலை கிடைக்கும். காகிதத்துக்கு யார் காசு தருவார்?

ஒரு நாடே கையேடு தேடிய காலம்

இது தனி ஆர்வலர்களின் பிரச்சினை மட்டும் அல்ல. இந்தியாவில் ஐபிஎம் 1401 கணினிகள் 1960களிலும் 70களிலும் வாடகைக்கு ஓடின. மேல்நாடுகளில் பயன்படுத்தி ஓய்ந்தவற்றைப் புதுப்பித்து இங்கே அதிக வாடகைக்கு விடுகிறார்கள் என்ற குற்றச்சாட்டு நாடாளுமன்றக் குழு வரை போனது. அந்நிய முதலீட்டு விதிகள் தொடர்பான பூசலில் ஐபிஎம் 1978இல் இந்தியாவை விட்டு வெளியேறியது. ஓடிக்கொண்டிருந்த இயந்திரங்களை இனி யார் பழுதுபார்ப்பது?

அதற்கு விடையாக நின்றது இந்திய அரசின் கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன், சுருக்கமாக சிஎம்சி. 1975இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம் ஐபிஎம் விட்டுச்சென்ற இயந்திரங்களின் பராமரிப்பை ஏற்றுக்கொண்டது. உற்பத்தியாளர் போன பின்னும் கணினிகள் ஓடியதற்குக் காரணம், அந்த வேலை தெரிந்த ஆட்களும் ஆவணங்களும் ஓர் இடத்தில் சேர்ந்திருந்ததுதான். அதே 1978இல் இந்தியா மினி கணினித் தயாரிப்பைத் தனியாருக்குத் திறந்துவிட்டது. எச்.சி.எல்., விப்ரோ போன்ற பெயர்கள் அந்தக் கதவு வழியாக வந்தவை. ஐதராபாத்தின் இசிஐஎல் நிறுவனம் அதற்கு முன்பே டிடிசி வரிசை மினி கணினிகளைச் செய்துகொண்டிருந்தது. டெக், ஐபிஎம் கையேடுகள் ஸ்கேன் செய்யப்பட்டிருக்கும் அளவுக்கு இந்த இந்தியத் தயாரிப்புகளின் கையேடுகளை இன்று காண முடிவதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இன்னும் கனடாவைச் சொல்லலாம். அங்குள்ள அணுமின் நிலையங்களில் பி.டி.பி.-11 கணினிகள் ஓட்டும் இயந்திரங்கள் இருப்பதாகவும், 2050 வரை அவற்றுக்கு நிரல் எழுத ஆள் தேவைப்படுவதாகவும் 2013இல் செய்தி வந்தது. பழசு என்று நாம் தள்ளுவது வேறோர் இடத்தில் இன்னும் பணியில் இருக்கிறது.

பெயரைத் தேடாதீர்கள், எண்ணைத் தேடுங்கள்

தேடத் தொடங்குபவர் செய்யும் முதல் தவறு, 'பழைய டெக் கம்ப்யூட்டர் கையேடு' என்று பொதுவாகத் தேடுவது. கிடைப்பது பெரும்பாலும் விளம்பரமாகவே இருக்கும். முதலில் கையில் டார்ச் விளக்கோடு இயந்திரத்தின் பின்பக்கம் போக வேண்டும். அங்கே ஒரு தகட்டில் மாடல் எண்ணும் வரிசை எண்ணும் இருக்கும். அதைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தகட்டையும் முழுதாக நம்பிவிட முடியாது. பல ஆண்டுகள் ஓடிய இயந்திரத்தில் உள்ளே இருக்கும் போர்டுகள் மாற்றப்பட்டிருக்கும். டெக் போர்டுகளின் கைப்பிடி ஓரத்தில் எம் என்ற எழுத்தோடு தொடங்கும் எண் அச்சிடப்பட்டிருக்கும். எம்8186 என்றிருந்தால் அது பி.டி.பி.-11/23இன் மையச் செயலி. எம்8192 என்றால் 11/73. வெளித்தகடு ஒன்று சொல்ல, உள்ளே வேறொன்று இருப்பது சகஜம். எந்தப் போர்டு எந்த இடத்தில் செருகப்பட்டிருந்தது என்பதையும் கழற்றும் முன் படம் எடுப்பது அவசியம். பி.டி.பி.-11இல் போர்டுகளின் வரிசை மாறினாலே இயந்திரம் வேலை செய்யாமல் போகலாம்.

கையேடுகளுக்கும் இப்படி எண் உண்டு. டெக் கையேட்டு எண் இ.கே. என்று தொடங்கினால் அது வன்பொருள் பற்றியது. ஏ.ஏ. என்றால் மென்பொருள். எம்.பி. என்றால் மின்சுற்று வரைபடத் தொகுப்பு. பழுதுபார்ப்பவருக்கு மிக முக்கியமானது இதுதான். இந்த எண்ணை அப்படியே தட்டச்சு செய்து தேடினால் நேராக ஆவணத்துக்கே போய்ச் சேரலாம். வீட்டில் பழைய கோப்பு வைத்திருக்கும் ஓய்வுபெற்ற தொழில்நுட்பர்கள் பார்க்க வேண்டியதும் இந்த எண்ணைத்தான். கோப்புக்குள் எக்ஸ்ரே படம் போன்ற சிறு பிளாஸ்டிக் அட்டைகள் இருந்தால் அவற்றையும் எறிய வேண்டாம். அவை மைக்ரோஃபிஷ். ஓர் அட்டைக்குள் நூற்றுக்கணக்கான பக்கங்கள் அடங்கியிருக்கும். பழுதறியும் நிரல்களின் முழு விவரங்களையும் டெக் அப்படித்தான் கொடுத்தது.

கிடைக்கும் இடங்கள்

ஸ்கேன் செய்த கையேடுகளுக்கு உலக அளவில் முதலிடம் பிட்சேவர்ஸ் காப்பகத்துக்கு. இதை நடத்துபவர் அமெரிக்காவின் மவுண்டன் வியூ நகரிலுள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் மென்பொருள் காப்பாளராகப் பணியாற்றிய அல் கோசோ. நிறுவனத்தின் பெயர், பிறகு மாடல் என்று அடுக்கப்பட்டிருக்கும். எல்லாம் இலவசம். இண்டர்நெட் ஆர்க்கைவ் தளத்திலும் இதன் பிரதி உண்டு. இலவசமாகக் கிடைக்கும் இதே ஸ்கேன்களைக் குறுவட்டில் போட்டுக் காசுக்கு விற்பவர்களும் இருக்கிறார்கள். வாங்கும் முன் ஒருமுறை தேடிப் பார்த்தால் வெள்ளி மிச்சம்.

பயனர் சங்கங்கள் அடுத்த வழி. டெக் பயனர்களின் டெக்கஸ் சங்கம் 1961இல் தொடங்கியது. உறுப்பினர்கள் எழுதிய நிரல்களை நாடாவில் சேர்த்து ஒருவருக்கொருவர் வழங்கிக்கொண்டார்கள். அந்த நாடாக்களில் பல இன்று கோப்புகளாகக் கிடைக்கின்றன. எல்லாச் சங்கத்துக்கும் அந்தப் பாக்கியம் இல்லை. ஹியூலட் பேக்கர்ட் பயனர்களின் இண்டரெக்ஸ் 2005இல் திடீரென மூடப்பட்டது.

யூனிக்ஸ் இயங்குதளத்துக்கு ஆஸ்திரேலியரான வாரன் டூமி தொடங்கிய யூனிக்ஸ் மரபுக் கழகம் இருக்கிறது. கால்டெரா நிறுவனம் 2002 ஜனவரியில் பழைய யூனிக்ஸ் பதிப்புகளைத் தாராளமான உரிமத்தில் விடுவித்ததால், முதல் ஏழு பதிப்புகளில் எஞ்சியவற்றைச் சட்டப்படியே இறக்கிக்கொள்ளலாம்.

'எஞ்சியவற்றை' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 1973இல் வந்த யூனிக்ஸ் நான்காம் பதிப்பு தொலைந்துவிட்டதாகவே கருதப்பட்டது. கையேடும் சில துண்டுகளும்தான் இருந்தன. இந்தப் பதிப்பில்தான் யூனிக்ஸின் கருப்பகுதி சி மொழியில் எழுதப்பட்டது என்பதால் வரலாற்றில் அதற்குத் தனி இடம் உண்டு. 2025இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு சேமிப்பறையை ஒழுங்குபடுத்தியபோது அந்தப் பதிப்பின் பெயர் எழுதிய காந்த நாடா ஒன்று அகப்பட்டது. அஞ்சலில் அனுப்ப அஞ்சி, அதை நேரில் கொண்டுபோய் மவுண்டன் வியூ அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தார்கள். டிசம்பரில் அது வெற்றிகரமாகப் படிக்கப்பட்டது. உலகில் வேறெங்கும் முழுதாக இல்லாத ஒரு மென்பொருள், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு ஸ்டோர் ரூமில் கிடந்திருக்கிறது. அறையைச் சுத்தம் செய்தவர்கள் பெயர்ச் சீட்டைப் படிக்காமல் குப்பையில் போட்டிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும்.

நாடாவை உடனே ஓட்டாதீர்கள்

நம் நாட்டின் ஈரப்பதம் காந்த நாடாவுக்கு எதிரி. பூஞ்சை பிடித்த நாடாவை ஓட்டினால் நாடாவும் கெடும், படிக்கும் இயந்திரத்தின் தலையும் கெடும். பூஞ்சை இல்லாவிட்டாலும் பழைய நாடாவின் பசை ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுப்பாகி, ஓடும்போதே காந்தப் பூச்சு உரிந்து வரும். அனுபவமுள்ளவர்கள் அத்தகைய நாடாவைச் சுமார் 50 டிகிரி செல்சியஸ் சீரான வெப்பத்தில் பல மணி நேரம் உலர்த்திய பிறகே படிப்பார்கள். அதுவும் ஒரே தடவைதான் வாய்க்கும் என்ற கணக்கில். வீட்டு அடுப்பில் செய்து பார்க்கும் காரியம் அல்ல இது. பெயர்ச் சீட்டைப் படம் எடுத்து, உலர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டு, தெரிந்தவரைத் தேடுவதே சரி.

சில இயந்திரங்களில் ஒரே ஒரு வட்டு மொத்த உயிரையும் வைத்திருக்கும். வேக்ஸ்-11/780 அப்படிப்பட்டது. அதன் உள்ளே இருக்கும் ஒரு குட்டிக் கணினி 8 அங்குல பிளாப்பியிலிருந்து அடிப்படை நுண்நிரலை ஏற்றினால்தான் பெரிய இயந்திரமே கண் விழிக்கும். அந்த பிளாப்பி எங்கே என்று கேட்காமல் வாங்குவது, சாவி இல்லாத காரை வாங்குவது போலத்தான்.

வாங்கும் முன் ஓட்டிப் பார்க்கலாம்

மேலே சொன்ன மென்பொருளும் கையேடும் கிடைத்துவிட்டால் இயந்திரம் இல்லாமலே பழகலாம் என்பது பலருக்குத் தெரியாது. டெக் நிறுவனத்தின் முன்னாள் துணைத் தலைவர் பாப் சப்னிக் 1993இல் தொடங்கிய சிம்ஹெச் என்ற இலவச நிரல், சாதாரண மடிக்கணினியைப் பி.டி.பி.-11 போலவோ வேக்ஸ் போலவோ நடிக்க வைக்கும். அதில் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பை ஏற்றி ஒரு மாதம் பழகியவருக்கு உண்மையான இயந்திரம் தமக்குத் தேவையா என்பது தெரிந்துவிடும். பாதிப் பேருக்குத் தேவைப்படாது, மின்கட்டணமும் மிச்சம்.

உரிமத்தில் மட்டும் கவனம் வேண்டும். இணையத்தில் இருப்பதெல்லாம் இலவசம் அல்ல. விஎம்எஸ் இயங்குதளத்துக்கு ஆர்வலர்களுக்கென்று இருந்த இலவச உரிமத் திட்டத்தை ஹெச்பி தரப்பு 2020இல் நிறுத்தியது. இப்போது விஎம்எஸ் பொறுப்பை ஏற்றுள்ள நிறுவனம் வேறு உரிமம் தந்தாலும் அதில் பழைய வேக்ஸ் சேராது. வீட்டில் பழகுவது வேறு, தொழிலில் பயன்படுத்துவது வேறு. இரண்டுக்கும் விதி ஒன்றல்ல.

இதே நோய் நம் தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர்களுக்கும் உண்டு. 1990களில் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து பிளாப்பியில் வைத்த கோப்பை இன்று திறந்தால் ஆங்கில எழுத்தும் கோடுமாகத் தெரியும். எந்த எழுத்துரு என்று ஒரு வரி எழுதி வைத்திருந்தால் சில நிமிடங்களில் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம். பிளாப்பி வைத்திருக்கும் பள்ளிகள், அந்த மலரைத் தயாரித்த ஆசிரியரிடம் இப்போதே கேட்டு எழுத்துருவின் பெயரைக் குறித்துக்கொள்வது நல்லது.

லோரியில் ஏற்றும் முன்

தொழிற்சாலையிலிருந்து கழிக்கப்படும் மின்னணுப் பொருள்கள் 2005ஆம் ஆண்டு திட்டமிடப்பட்ட கழிவு விதிமுறைகளின் கீழ் எஸ்.டபிள்யூ.110 என்ற குறியீட்டில் வரும். கழிவு என்று வகைப்படுத்தப்பட்டுவிட்டால் அது சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற நிலையத்துக்குத்தான் போக வேண்டும். ஆகவே இயந்திரத்தைப் பயன்பாட்டுக்குரிய பொருளாக வாங்குவதாகத் தெளிவான விற்பனைச் சீட்டு பெற்றுக்கொள்ள வேண்டும். கேட்பதற்குக் கூச்சப்பட்டால் பின்னால் சிக்கல்.

வட்டில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். சம்பளக் கணக்கு ஓடிய இயந்திரமாக இருந்தால் தொழிலாளர்களின் அடையாள அட்டை எண், சேமநிதி எண், சம்பளம் எல்லாம் அதில் இருக்கலாம். 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பர் முதல் நடப்பில் உள்ளது. விற்பவர் வட்டைத் துடைக்க விரும்பினால் அது நியாயம்தான். இயங்குதளம் இருக்கும் நாடாவையோ வட்டையோ தனியாகக் கொடுத்துவிட்டுத் தரவு வட்டை மட்டும் துடைக்கச் சொல்லலாம். தோட்ட நிர்வாகத்தின் பழைய பதிவுகள் போன்ற வரலாற்று மதிப்புள்ளவை தட்டுப்பட்டால், 1957இல் அமைக்கப்பட்ட அர்க்கிப் நெகாரா எனும் தேசிய ஆவணக் காப்பகத்தை அணுகுவது முறை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உடனே சுவிட்சைப் போடக்கூடாது. பல ஆண்டுகள் ஓடாத மின்வழங்கியின் கெபாசிட்டர்கள் வெடிக்கலாம். வெளிவரும் மின்னழுத்தம் தவறினால் போர்டுகள் அனைத்தும் ஒரு நொடியில் கருகிவிடும். போர்டுகளைக் கழற்றி வைத்துவிட்டு மின்வழங்கியை மட்டும் தனியே, அந்த வேலை தெரிந்தவர் துணையோடு சோதிக்க வேண்டும்.

விற்பவரிடம் கடைசியாக ஒன்று கேட்கலாம். இயந்திரம் இருந்த அறையின் அலமாரியில் கோப்புகள், நாடாக்கள், பிளாப்பிகள், சாவிக்கொத்து ஏதாவது இருந்ததா, அவை எங்கே போயின என்று. பல நேரங்களில் அவை இன்னும் அதே அலமாரியில் இருக்கும். காகிதக் கடைக்காரர் வந்திருக்க மாட்டார். லோரியில் இடம் போதாவிட்டால் முதலில் அவற்றை ஏற்றிவிட்டு, இயந்திரத்துக்கு மறுநாள் வரலாம்.